அழைப்புக் கடிதம் வந்தால் அதிகாரி ஆகிவிட்ட மாதிரியா?

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும் வழியில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் காவேரிப்பட்டினம். (பூம்புகாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது காவிரிப்பூம்பட்டினம், இது வேறு.) இன்று மாம்பழத்துக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர் பெற்ற இந்த ஊரில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1767 ஆகஸ்டில் ஹைதர் அலி அதை முற்றுகையிட்டு இரண்டே நாளில் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். அடுத்த மாதமே செங்கத்தில் கர்னல் ஸ்மித்துடன் சண்டை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்தவர்களும் ராணுவ அதிகாரிகள்தான். தலைவர் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ.

அன்று "அதிகாரி" என்றாலே வெள்ளைக்காரர். உள்ளூர் ஆள் சிப்பாயாகச் சேரலாம், முப்பது வருடம் உழைத்து சுபேதார் ஆகலாம். ஆனால் நேற்று கப்பலிலிருந்து இறங்கிய இருபது வயது லெப்டினன்டுக்கும் அவர்தான் சல்யூட் அடிக்க வேண்டும்!

இந்த நிலை முதன்முதலில் அசைந்தது முதல் உலகப் போரின் கடைசியில். 1918ல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியர்களுக்கு வருடத்துக்கு 10 இடம் ஒதுக்கினார்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து பத்தே பத்து! அதற்கும் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்க முடியாது. மாகாண அரசு பரிந்துரைக்க வேண்டும், நேர்முகத்துக்குக் கூப்பிட வேண்டும். அப்பா யார், குடும்பம் என்ன, இங்கிலாந்தில் படிக்கவைக்கப் பணம் இருக்கிறதா என்பதெல்லாம் பார்க்கப்பட்டது. ஆக, அன்றைக்கு அழைப்பு வந்தது என்றாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் பக்கத்து உதாரணம் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். காவேரிப்பட்டினமும் திருச்செங்கோடும் அப்போது ஒரே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் குடும்பத்தில் 1913ல் பிறந்தவர் அவர். அப்பா டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல்வர். மகன் படித்தது ஈட்டன் பள்ளியில், பிறகு உல்விச் ராணுவ அகாடமியில். 1933ல் பீரங்கிப் படை அதிகாரியானார், 1966ல் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியே ஆனார். திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் அதே வருடம் அதே மாவட்டத்தில் ஒரு குத்தகை விவசாயி வீட்டில் பிறந்த பையனுக்கு அந்த வாசல் இருப்பதே தெரிந்திருக்காது.

தமிழர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. "போர்க்குலங்கள்" வடக்கில்தான் இருக்கின்றன என்று ஒரு கொள்கையை ஆங்கிலேயர் வைத்திருந்தார்கள். கம்பெனிக்காக மைசூரோடு சண்டை போட்ட மதராஸ் படைப்பிரிவுகளின் வாரிசுகளையே அதைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பஞ்சம் ஏற்பட்டதும் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி முளைத்தது. கொள்கை எங்கே போனதோ!

1932ல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி திறந்தது. முதல் அணியில் 40 பேர். அதில் 15 இடம் திறந்த போட்டித் தேர்வுக்கு. அந்த 15ல் ஆறாவதாக வந்தவர்தான் பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆன சாம் மானெக்ஷா. குடும்பப் பெயருக்குப் பதிலாக மதிப்பெண் பேச ஆரம்பித்தது அங்கேதான் எனலாம்.

ஆனால் மதிப்பெண் வாங்குகிறவன் எல்லாம் சண்டையில் பத்து பேரை வழிநடத்துவானா? இந்தக் கேள்வி பிரிட்டனையும் வாட்டியது. கர்னல்கள் அரை மணி நேரம் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் பயிற்சியிலேயே தோற்றுத் திரும்பினார்கள். ஜெர்மனி தன் அதிகாரிகளை மனோதத்துவ முறையில் தேர்ந்தெடுப்பதைப் பார்த்து, 1942ல் பிரிட்டனும் புதிய தேர்வு வாரியங்களை அமைத்தது. வந்தவர்களைச் சில நாள் ஒரே இடத்தில் தங்கவைத்து, தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு வேலையைக் கொடுத்து, யார் தானாக முன்னே வருகிறார் என்று ஓரமாக நின்று கவனிப்பார்கள். 1943ல் அதே முறை டேராடூனுக்கு வந்தது. இன்றைய எஸ்.எஸ்.பி.யின் ஆரம்பம் அதுதான்.

இந்த இடத்தில்தான் அழைப்பின் அர்த்தம் தலைகீழாக மாறியது. முன்பு அழைப்பதே பெரிய வடிகட்டல். இப்போது அழைத்த பிறகுதான் வடிகட்டலே தொடங்குகிறது.

என்.டி.ஏ. தேர்வை எடுத்துக்கொள்வோம். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணக்குக்கு 300, பொதுத் திறனுக்கு 600, எஸ்.எஸ்.பி.க்கு 900 மதிப்பெண். அதாவது சரிபாதி அந்த ஐந்து நாளில்தான். ஒரு முறைக்குச் சுமார் 400 இடம், எழுத்துத் தேர்வில் தேறி அழைக்கப்படுகிறவர்களோ பல ஆயிரம் பேர். பெங்களூர் தேர்வு மையத்துக்குப் போனால் முதல் நாளே ஸ்க்ரீனிங். அறிவுத்திறன் சோதனை, ஒரு மங்கலான படத்தைப் பார்த்துக் கதை எழுதி அதைக் குழுவில் விவாதிப்பது, அவ்வளவுதான். வந்தவர்களில் பெரும்பாலோர் இதிலேயே வெளியே. தேறியவர்களுக்கு 60 வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் மனதில் பட்டதை எழுத வேண்டும். பிறகு கயிறும் கட்டையும் வைத்துத் தடை தாண்டும் குழு வேலைகள், நேர்முகம், கடைசி நாள் கான்ஃபரன்ஸ். அதிலும் தேறினால் மருத்துவப் பரிசோதனை, அதற்கப்புறம் மெரிட் லிஸ்ட்.

கலாமுக்கும் இது நடந்தது. 1950களின் கடைசியில் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவது இடம், எடுத்ததோ எட்டு பேரை. மனம் உடைந்து ரிஷிகேஷ் போனதை அவரே "அக்னிச் சிறகுகள்" நூலில் எழுதியிருக்கிறார். அழைப்புக் கடிதம் அவரிடமும் இருந்தது!

அமெரிக்காவிலும் கதை இதுதான். வெஸ்ட் பாயின்ட்டும் அன்னபோலிஸும் சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து வளாகத்தைச் சுற்றிப் பார்க்க அழைக்கின்றன. நல்ல அறிகுறிதான், ஆனால் இட உத்தரவாதம் இல்லை. அதற்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினர் போன்றவர்களின் பரிந்துரையும் வேண்டும். இந்தியா 1932லேயே விட ஆரம்பித்த பரிந்துரை முறை அங்கே இன்னும் இருப்பது வேடிக்கை.

இங்கே பரிந்துரை இல்லை, வேறு சுவர்கள் இருக்கின்றன. என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழியில் படித்த காவேரிப்பட்டினத்து மாணவனுக்கு 15 விநாடியில் ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதுவது தைரியத்தை மட்டும் சோதிக்கிற விஷயமல்ல. உடுமலை அருகே அமராவதி நகரில் 1962ல் தொடங்கிய சைனிக் பள்ளி இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. ஆனால் இத்தனை பெரிய மாநிலத்துக்கு அது எந்த மூலைக்கு?

பெண்களுக்கோ அழைப்பே 2021 வரை கிடையாது. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் நவம்பர் தேர்வை எழுதினார்கள். அப்படிச் சேர்ந்த முதல் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள்.

ஒரே வகைத் தேர்வுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு மட்டும் ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள். ஸ்க்ரீனிங்கில் தேறாதவர்களை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். பெங்களூரில் பஸ் ஏறினால் ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி இரவுக்குள் காவேரிப்பட்டினம் வந்துவிடலாம். பலர் இரண்டாவது, மூன்றாவது முறை சொந்தக் காசில் போய்த் தேறியிருக்கிறார்கள்.