தொப்பி, வாக்கு, கடதாசி: ஐந்தாம் வகுப்புக்கு மூன்று வரலாற்றுப் பாடங்கள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் "அரசாங்கம் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஜனாதிபதியின் பெயரைச் சொல்லும். தேசியக் கொடியின் நிறங்களைச் சொல்லும். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் மாகாணம் 9, மாவட்டம் 25 என்பதையும் ஒப்புவிக்கும். "அரசாங்கம் பிழை விட்டா நாம என்ன செய்யலாம்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் டீச்சரின் முகத்தைப் பார்க்கும். பிள்ளையில் குற்றமில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓட்டமாக ஓடும் வகுப்பில் அப்படியான கேள்விக்கு நேரம் ஒதுக்குவார் யாருமில்லை.

ஆரம்பப் பிரிவில் குடியியல் தனிப் பாடமாக இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குள்தான் ஊர், அயல், நாடு எல்லாம் வருகின்றன. குடியியற் கல்வி என்ற பெயரில் ஒரு புத்தகம் கைக்கு வருவதற்குப் பிள்ளை ஆரம்பப் பிரிவைத் தாண்ட வேண்டும். ஆனால் "இது ஞாயமில்ல டீச்சர்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் முறையிடுவது நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான். நீதி பற்றிய கேள்வி அந்த வயதில் தானாகவே முளைக்கிறது. அதற்கு நாம் வரைவிலக்கணம் கொடுத்தால் பிள்ளை பாடமாக்கிவிட்டு மறந்துவிடும். நடந்த கதையைக் கொடுத்தால் யோசிக்கும்.

அப்படிக் கொடுக்கத்தக்க மூன்று நிகழ்வுகள் இந்த நாட்டு வரலாற்றில் உள்ளன. முதலாவது நாம் பெருமையோடு சொல்வது. இரண்டாவது பாதி பெருமை, பாதி கவலை. மூன்றாவதை நமது மேடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொப்பி

1905ஆம் ஆண்டு அட்வகேட் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் ஆஜரானார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதை ஏற்கவில்லை. வெள்ளைக்காரரின் வழக்கப்படி ஓர் இடத்துக்கு மரியாதை செய்வதென்றால் தொப்பியைக் கழற்ற வேண்டும். முஸ்லிமுடைய வழக்கப்படி மரியாதை என்றால் தலை மூடியிருக்க வேண்டும். இரண்டு பேரும் மரியாதையைத்தான் பேசினார்கள். ஆனால் விதியை எழுதும் பேனா ஒருவர் கையில் மட்டும் இருந்தது. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவில்லை, வெளியேறினார்.

அதன் பிறகு நடந்ததுதான் பிள்ளைகளுக்கு முக்கியம். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் முதலானோர் முன்னின்று கூட்டங்கள் நடத்தினார்கள். மகஜர்கள் எழுதினார்கள். 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் பெருங்கூட்டம் கூடியது. பம்பாயிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் வந்து பேசினார். பின்னர் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கல்லெறியவில்லை, கடை உடைக்கவில்லை. கூடினார்கள், எழுதினார்கள், விடாமல் கேட்டார்கள்.

இதை வகுப்பில் நடித்துக் காட்டலாம். ஒருவர் நீதியரசர், ஒருவர் சட்டத்தரணி, நாலு பேர் மகஜர் எழுதுவோர். "நீதியரசர் கெட்டவரா, அல்லது அவருக்கு எங்கட வழக்கம் தெரியாதா?" என்று கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளை இதற்குச் சொல்லும் விடைகள் பெரியவர்களையும் யோசிக்க வைக்கும். பிறகு இன்றைய நிலையைச் சொல்லலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. அடிப்படை உரிமையை அரசாங்கம் மீறினால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அன்று தொப்பியைத் தடுத்த அதே நீதிமன்றத்தின் வாசலில் இன்று சாதாரணப் பிரஜை ஒருவரும் மனுவோடு நிற்க முடியும்.

கதை அத்தோடு முடியக் கூடாது. "நம்மட பாடசாலைக்கு பொட்டு வைத்த பிள்ளை ஒன்று படிக்க வந்தா, நாம என்ன விதி போடுவோம்?" என்றும் கேட்க வேண்டும். இங்கேதான் தொப்பிக் கதை சமூகப் பெருமை என்ற இடத்திலிருந்து நகர்ந்து நீதிப் பாடமாகிறது.

வாக்கு

பள்ளிவாசல் நிருவாக சபை என்றால் பிள்ளைக்குத் தெரியும். கிழக்கில் உள்ள பிள்ளைக்கு மரைக்காயர் என்ற சொல்லும் தெரிந்திருக்கும். குடிக்கு ஒரு மரைக்காயர் பள்ளிவாசல் சபையில் அமர்ந்து தன் குடிக்காகப் பேசுவது அங்கு நெடுங்கால வழக்கு. பிரதிநிதித்துவம் என்ற நீண்ட சொல்லை விளக்க இதைவிட நல்ல உதாரணம் தேடத் தேவையில்லை. ஒன்றையும் கவனிக்கச் சொல்லலாம்: குடி தாய்வழியாக வருகிறது, மரைக்காயராக அமர்வது ஆண்.

1931க்கு முன்னர் சட்டசபைத் தேர்தலில் வாக்களிக்க முடிந்தவர்கள் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான். சொத்தும் படிப்பும் வருமானமும் பார்க்கப்பட்டன. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து, 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. பிரித்தானியப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்கு 1928இல்தான் கிடைத்தது. மூன்று வருடத்துக்குள் நமது ஊர் உம்மாமாருக்கும் அது வந்துவிட்டது. சுதந்திரத்தையடுத்த வருடங்களில் கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபர் ஆயிஷா ரவூப் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். வாக்களிக்கும் உரிமையிலிருந்து தெரிவாகும் உரிமை வரை நடந்த பயணத்தைப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல இது ஒரு நல்ல கதை.

இந்தப் பாடத்தின் மறுபக்கமும் உண்டு. 1924ஆம் ஆண்டு சட்டசபையில் முஸ்லிம் வாக்காளர்கள் மட்டும் தெரிவு செய்த மூன்று ஆசனங்கள் இருந்தன. எச்.எம். மாக்கான் மாக்கார், என்.எச்.எம். அப்துல் காதர், ரி.பி. ஜாயா ஆகியோர் அவற்றில் அமர்ந்தனர். டொனமூர் முறை இனவாரி ஆசனங்களை நீக்கியது. 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவான முஸ்லிம் ஒருவர்தான், மாக்கான் மாக்கார். 1936 பொதுத் தேர்தலில் ஒருவர்கூட இல்லை, நியமனத்தின் மூலமே இடம் கிடைத்தது. எல்லோருக்கும் வாக்கு வந்த அதே நேரத்தில் சிறிய சமூகத்தின் குரல் குறைந்தது.

வகுப்பில் 30 பிள்ளைகள் இருந்தால் ஒரு வாக்கெடுப்பு வைக்கலாம். சுற்றுலாவுக்கு எங்கே போவது? 27 பேர் கடற்கரை, மூன்று பேர் மலை. கடற்கரை வென்றது சரிதான். ஒவ்வொரு வருடமும் அந்த மூன்று பேரும் தோற்றால்? பெரும்பான்மை என்பது வேறு, நீதி என்பது வேறு. இரண்டையும் பொருத்துவதற்குத்தான் அரசியலமைப்பு என்று ஒன்று தேவைப்படுகிறது. இதை இந்த வயதில் விளங்கிக்கொண்ட பிள்ளை பெரியவனானதும் எந்தக் கட்சிக்காரர் வந்து பேசினாலும் சற்று நிதானித்துக் கேட்கும்.

கடதாசி

பிள்ளைகளிடம் ஒரு வீட்டு வேலை கொடுக்கலாம். "உங்கட வாப்பா எங்க பொறந்தாரு? மூத்தவாப்பா எங்க? அவருக்கும் வாப்பா எங்க? கடதாசி இருக்கா?" மறுநாள் பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாவது கேள்விக்குக் கடதாசி இல்லாமல்தான் வருவார்கள். மூத்தவாப்பாவின் வாப்பா எங்கே பிறந்தார் என்று ஊரே சொல்லும், காட்டுவதற்குத் துண்டு ஒன்றிருக்காது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இப்படித்தான் கேட்டது. அந்த வருடம் நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அச்சட்டப்படி, இங்கு பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தகப்பன் இந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் பரம்பரையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்கும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952இல் ஒன்றுமில்லை.

வாக்கு போனால் என்ன போகும்? பிள்ளைக்கு விளங்கும் விடை: பாடசாலை போகும். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முறையாகப் பொறுப்பேற்க 1970கள் வரை சென்றது. பாராளுமன்றத்தில் வாக்காளர் இல்லாதவருக்காக வாய் திறக்க அவசரப்பட்டவர் குறைவு. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டார்கள். மனிதரை மூட்டை கணக்கில் பிரித்த இந்தப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை முடிவு கிடைக்கவில்லை. 55 வருடங்கள்.

இதில் நாம் எங்கே நின்றோம் என்ற கேள்வி வரும், வரவும் வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ரி.பி. ஜாயா தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்தார். ஸாஹிராவைக் கட்டி வளர்த்த பெருமகன் என்று அவரை மதிப்பது நமது கடமை. அவர் இருந்த அமைச்சரவையின் சட்டம் இன்னொரு சமூகத்தை வெளியே தள்ளியது என்பதைச் சொல்வதும் கடமைதான். ஒன்று மற்றொன்றை அழிக்காது. அதோடு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். கரையோரச் சோனகர் என்று பதிவேடுகளில் எழுதப்பட்ட இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அதே வரிசையில் விண்ணப்பத்தோடு நின்றார்கள். பிறருக்கு என்று நினைத்துப் பேசாமலிருந்த சட்டம் நமது வீட்டுக் கதவையும் தட்டியது.

1990 ஒக்டோபரில் நடந்தது இதன் மறுபுறம். வடக்கு முஸ்லிம்களிடம் பிறப்பத்தாட்சி இருந்தது, அடையாள அட்டை இருந்தது, காணி உறுதி இருந்தது. விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் கிடைத்தது சில மணி நேர அவகாசம்தான். புத்தளம் முகாம்களில் வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். மலையகத்தாரிடம் வீடும் உழைப்பும் இருந்தன, கடதாசி இல்லை. வடக்கு முஸ்லிமிடம் கடதாசி இருந்தது, வீடு இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை என்பது வெறும் அடையாள அட்டை அல்ல, அயலவர் அதை மதிப்பதும் அரசு அதைக் காப்பதும் சேர்ந்ததுதான் என்று விளங்கும்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு, மனசு நோகும்" என்று சிலர் சொல்வார்கள். 1990ஐப் பிள்ளை வீட்டில் எப்படியும் கேட்கிறது. வீட்டில் கேட்பது நமது நோவை மட்டும்தான். 1948ஐ யாரும் சொல்வதில்லை. நோவை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை நீதி என்றால் நமக்குக் கிடைக்க வேண்டியது என்று நினைக்கும். நமது சொந்தங்களுக்கு எதிராக இருந்தாலும் உள்ளதைச் சொல்வதுதான் 'அத்ல்' என்று குர்ஆன் மத்ரஸாவில் கேட்டு வரும் பிள்ளைக்கு, பாடசாலையிலும் அதையே காட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பலப்படுத்தும்.

இதற்குப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புலமைப்பரிசில் முடிந்த கையோடு ஐந்தாம் வகுப்புக்குக் கிடைக்கும் ஓய்வான வாரங்கள் போதும். ஒவ்வொரு ஊரிலும் பழைய வாக்காளர் இடாப்பு, காணிப் பத்திரம், பள்ளிவாசலில் எழுதிய மகஜர், விதானையாரின் கடிதம் என்று எவரோ ஒருவரின் தகரப் பெட்டியில் கிடக்கும். ஓய்வுபெற்ற அதிபர்கள் அவற்றைத் தேடியெடுத்துப் பிரதி பண்ணி ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களிடம் கொடுக்கலாம். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கட்டும். எந்தக் கடதாசியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்கப் பழக்கினால் போதும்: இதை எழுதியது யார்? இதில் பெயர் விடுபட்டவர் யார்?