இருபது பச்சிலையில் ஓர் இலை



நீர்க்கடுப்பு என்றால் நம் தோட்டத்து லயங்களில் வாழைத்தண்டுச் சாறு கொடுப்பார்கள். கால் வீங்கினால் மூக்கிரட்டைக் கீரை. மலாய்க்காரர்களிடம் பழகிய மிசாய் கூச்சிங், அதாவது பூனைமீசை இலையைத் தேநீர் மாதிரி காய்ச்சிக் குடிப்பவர்களும் உண்டு. "இது நீரைப் பிரிச்சு விட்டுடும்"னு பாட்டிமார் அடித்துச் சொல்வார்கள். பிரிக்கிறதா இல்லையா, எவ்வளவு கொடுத்தால் பிரிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கிலாந்தில் ஒரு வைத்தியர் இதைப் பத்து வருஷம் விடாமல் பார்த்தார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் வில்லியம் விதரிங். 1741இல் பிறந்தவர். வைத்தியத்தோடு செடிகொடி நூலிலும் வல்லவர். 1775இல் ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார்கள். உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ரோப்ஷயர் பகுதி மூதாட்டி ஒருவர் ரகசியமாகக் கொடுத்து வந்த மருந்து அது. படித்த வைத்தியர்கள் கைவிட்ட சிலரைக்கூட அந்த அம்மாள் பிழைக்க வைத்திருந்தார். மருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட பச்சிலைகள் இருந்தன. குடித்தவர்களுக்கு வாந்தியும் பேதியும் பலமாக வரும். அதைப் பார்த்தவர்கள் நீர் பிரிவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்.

விதரிங் அந்த இருபதையும் பார்த்து, வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான் என்று முடிவு கட்டினார். அது பாக்ஸ்குளோவ். கைவிரல் உறை மாதிரி ஊதா நிறப் பூப் பூக்கும் செடி. கடும் விஷமுள்ளது.

அப்புறம்தான் உண்மையான வேலை. அவர் இலவசமாக வைத்தியம் பார்த்த ஏழைகளுக்கே முதலில் இதைக் கொடுத்தார். ஆரம்பத்தில் அளவு கூடிப்போனதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சோதனை என்றால் ஏழை உடம்புதானா என்று எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் மனிதர் கற்றுக்கொண்டார். வேரின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்று அதை விட்டுவிட்டு, பூக்கும் காலத்து இலையைப் பறித்து உலர்த்திப் பொடி செய்தார். ஒரு வேளைக்கு 1 முதல் 3 கிரெயின், அதாவது 65 முதல் 195 மில்லிகிராம்தான். நீர் பிரியத் தொடங்கினாலோ, குமட்டல் வந்தாலோ, நாடி மெதுவானாலோ, பேதியானாலோ அத்தோடு நிறுத்த வேண்டும் என்றார்.

1785இல் நூல் வெளியிட்டார். தாம் பார்த்த 163 நோயாளிகளின் விவரம் அதில் உண்டு. பலித்ததையும் எழுதினார், பலிக்காததையும் எழுதினார். கைவைத்தியம் சொல்கிறவர்களில் எத்தனை பேர் பலிக்காததைச் சொல்கிறோம்?

இன்னொரு விஷயம். இந்த இலைக்கு இதயத்தின் மேல் பெரிய சக்தி இருப்பதையும் அவர் கவனித்து எழுதினார். இதயம் தளர்ந்ததால் வீங்கியவர்களுக்கு இதயத்தை வலுப்படுத்தியே இது நீரை இறக்கியது. வேறு காரணத்தால் வந்த வீக்கத்துக்கு அப்படிப் பலிக்காது. 1930இல் இதே இனத்து இன்னொரு செடியிலிருந்து டிகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் சில இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்து அது.

பின்னாளில் எலிகளை வைத்துச் சோதிக்கும் முறை வந்தது. 1943இல் லிப்சிட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் வகுத்தது. எல்லா எலிக்கும் ஒரே கணக்கில் உப்புநீர். சிலவற்றுக்கு மட்டும் சோதிக்க வேண்டிய மருந்து, சிலவற்றுக்கு யூரியா. ஐந்து மணி நேரம் சிறுநீரைப் பிடித்து அளப்பார்கள். ஏன் ஒரே கணக்கு? ஒரு பெரிய குவளை கஷாயம் குடித்தால் அந்தத் தண்ணீருக்கே சிறுநீர் போகுமே! அது இலையின் வேலையா, தண்ணீரின் வேலையா? பூனைமீசையையும் எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள். அந்த இலையில் பொட்டாசியம் நிறைய உண்டு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது ஆகாது. கால் வீக்கம் என்றால் கஷாயம் வைக்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போய், வீக்கம் இதயத்தாலா சிறுநீரகத்தாலா என்று கேட்டுவிடுங்கள்.

அந்த மூதாட்டியின் பெயர் என்ன என்று மாணவர்கள் கேட்பீர்கள். விதரிங் எழுதி வைக்கவில்லை. 1928இல் ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரத்தில் 'ஹட்டன் அம்மாள்' என்று ஒரு பெயர் கொடுத்துப் படமும் போட்டார்கள். அதை நம்பிப் பலர் புத்தகங்களிலும் எழுதினார்கள். அது கட்டிவிட்ட பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.