வேதாளத்தின் கேள்வியும் தோட்டத்துப் பிள்ளைகளும்



சிறுவர் நூல்களைச் சிறுவர் மட்டுமே படிக்க வேண்டும் என்று யார் விதித்தது? பத்து வயதில் படித்த கதையை ஐம்பதை நெருங்கும் வயதில் மீண்டும் படித்தால், கதையில் ஓர் எழுத்தும் மாறியிராது. நாம் அதில் காணும் பொருள் மட்டும் மாறியிருக்கும். எனக்கு இதனை உணர்த்தியது 'அம்புலிமாமா'.

முதலில் சிறிது வரலாறு. 1885-இல் வில்லியம் கேமரன் அளக்க வந்த இம்மலையில், 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்களில் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அச்சட்டத்தில்தான் உள்ளது.

எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளைக்கு அடுத்து வேண்டியது, தானே விரும்பிப் படிக்க ஓர் ஏடு. அவ்விடத்தை எங்கள் லயத்தில் நிரப்பியது சென்னையிலிருந்து வந்த அம்புலிமாமா. ஓர் இதழ் ஐந்தாறு வீடுகளைச் சுற்றி வரும். என் கைக்கு வரும்போது பெரும்பாலும் அட்டை இராது.

'பாதாள பைரவி', 'மாயாபஜார்' ஆகிய திரைப்படங்களை உருவாக்கிய நாகி ரெட்டியும் சக்கரபாணியுமே 1947 சூலையில் இவ்விதழைத் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கினர். பின்னர்ப் பல இந்திய மொழிகளில் அது வெளிவந்தது. உருவிய வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்தன் நடக்கும் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர், 2020-இல் மறைந்தார். தெலுங்கில் எழுதப்பட்ட கதைகளே பெரும்பாலும் பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. 1952 முதல் 1980-இல் மறையும் வரையில் அப்பணியின் தூணாக விளங்கியவர் கொடவட்டிகண்டி குடும்பராவ். அவர் பகுத்தறிவு நோக்கும் இடதுசாரிச் சிந்தனையும் உடைய எழுத்தாளர். பேயை நம்பாதவர் கையில் வேதாளம் நீண்டகாலம் வாழ்ந்தது வியப்பன்றோ!

வடமொழி மரபில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதாம். அவை தீர்ந்த பின்னரும், பிற கதைகளை அதே சட்டத்துக்குள் பொருத்தி அம்புலிமாமா தொடரை வளர்த்தது. சட்டம் எளியது. வேதாளம் கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாவிடில் அவன் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து, பிணம் மீண்டும் முருங்கை மரம் ஏறும்.

சிறுவயதில் எனக்கு மரமும் சுடுகாடும் மட்டுமே தெரிந்தன. இன்று படிக்கும்போது அந்த நிபந்தனைதான் கண்ணில் படுகிறது. பேசினால் கைப்பொருள் போகும். பேசாவிடில் தலை போகும். கூலிக் கணக்கில் பிழை என்று தெரிந்தும் கிராணியின் முன் தலைகுனிந்து நின்ற மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களுக்குப் பேச்சின் விலை தெரியும். மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை, அதே லயத்தில் சுற்றிவந்த சிறுவர் இதழ் மாதந்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது.

குறையும் தெரிகிறது. அரசர், வணிகர், குடியானவர், விறகுவெட்டி எல்லாரும் அக்கதைகளில் உண்டு. நாட்கூலிக்குக் கொழுந்து கிள்ளும் குடும்பம் ஒன்றை நான் அவற்றில் கண்டதில்லை. எங்கள் வாழ்வு கதைக்குரியது என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை. கொழுந்து பறிப்போரில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி. நம் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. வகுப்பறை நாற்காலிகள் குறைகின்றன. எஞ்சிய பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? 1988-இல் வந்து 2021-இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக் காலத்தில், கேள்விக்கு ஒரே விடை என்று பழக்கினோம். இப்போது ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வேதாளக் கதையைக் கேள்வியோடு நிறுத்திவிடுகிறேன். விக்கிரமாதித்தன் சொன்ன விடையைப் பிள்ளைகள் உடனே கேட்பதில்லை. முதலில் தங்களுக்குள் வழக்காடுகிறார்கள். வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி ஒருநாள் எழுந்து, "ஐயா, ராஜா சொன்ன தீர்ப்பு சரியில்லை" என்றாள். காரணமும் சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

பெற்றோரே, வீட்டுப் பரணில் பழைய இதழ் ஏதேனும் கிடந்தால் எடுத்து முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பிள்ளையை அருகில் அமர்த்திப் படித்துக் காட்டுங்கள். கேள்வி வரும் இடத்தில் நிறுத்தி, பிள்ளையின் விடைக்குக் காத்திருங்கள்.