பிறர் பெயரில் வந்த கடன்: சபரகமுவத் தோட்டங்களும் வங்கிகளும்

சிறுதொழில் ஒன்றைத் தொடங்குவதற்கு வங்கியிற் கடன் கேட்டுச் செல்பவரிடம் முதலில் வினவப்படுவன இரண்டு. ஈடாக வைப்பதற்கு என்ன உண்டு? பிணை நிற்பதற்கு யார் உளர்? இவை வங்கித் தொழிலின் சாதாரண வினாக்களே. கேட்கும் அலுவலர்மீது குறைகாண்பதற்கில்லை. ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறத்திலிருந்து வரும் ஒருவர், தையற்கடைக்கோ கறவை மாட்டுக்கோ முச்சக்கர வண்டிக்கோ கடன் வேண்டி நிற்கையில், இவ்விரு வினாக்களுக்கும் விடை கூற இயலாது திரும்புவாராயின், அதற்குக் காரணம் அவருடைய முயற்சியின்மையன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு அவ்விடத்திற் குறுக்கே நிற்கின்றது.

சபரகமுவத் தோட்டங்களை நுவரெலியாத் தோட்டங்களோடு ஒருங்குவைத்து எண்ணுதல் பொருந்தாது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் தாழ்ந்த குன்றுகளில் றப்பரும், இறக்குவானை, பலாங்கொடை மலைச்சரிவுகளிலே தேயிலையும் பயிரிடப்பட்டன. தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து பரந்துகிடவாமல், சிங்களக் கிராமங்களின் இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழ்த் தொழிலாளர் இரு மாவட்டங்களிலும் சிறுபான்மையினராகவே உள்ளனர். எண்ணிக்கையின் பலத்தால் அரசியற் பேரம் பேசும் வாய்ப்பு ஹற்றனிலே தோன்றியதுபோல இங்கே தோன்றவில்லை.

கடன் இம்மக்களுக்குப் புதியதன்று. அவர்கள் கடனாளிகளாகவே கப்பலேறினர். தமிழகத்துக் கிராமங்களிற் கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தோட்டத்தை அடையுமுன்னரே அவர்தம் கணக்கில் ஏறியிருந்தன. இம்முன்பணத்தின் மூலத்தைத் தேடிச் சென்றால் ஒரு நீண்ட சங்கிலியைக் காணலாம். கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் முகவர் நிறுவனங்களுக்குக் கொடுத்தன. அவை விளைச்சலை எதிர்பார்த்துத் துரைமாருக்கு முற்பணம் வழங்கின. துரை பெரிய கங்காணிக்குக் கொடுத்தார். கங்காணி தன் ஆட்களுக்குக் கொடுத்தான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் மற்றொருவரை நம்பினார். கடைக்கண்ணியில் நின்ற தொழிலாளியை நம்பவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. அவனுடைய உடலுழைப்பே ஈடாக இருந்தது.

இதன் முதிர்ந்த வடிவமே துண்டு முறை. தொழிலாளர் கூட்டமொன்று செலுத்தவேண்டிய கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. அச்சீட்டைக் கையிற் கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்துக்குச் செல்வான்; புதிய துரை பழைய கடனை அடைத்து ஆட்களை ஏற்பார்; அத்தொகை மீண்டும் அவர்கள் தலையிலேயே விழும். கைமாறக் கைமாறக் கடன் பெருகியதேயன்றிக் குறையவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச்சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. ‘துண்டு’ என்னும் சொல் ஆங்கிலேயர் எழுதிய அறிக்கைகளில் அப்படியே இடம்பெற்றுவிட்டது. ஆங்கிலத்துக்குத் தமிழ் ஈந்த சொற்களைப் பட்டியலிட்டு மகிழ்வோர் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். தொழிலாளியின் கடனுக்கு ஒரு சந்தை இருந்தது, அவனுடைய கையெழுத்துக்கு இருக்கவில்லை என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

தோட்டத்துக்கு வெளியே, கடைவீதிகளில் அரிசியும் துணியும் விற்ற சிறு வணிகரின் நிலை சற்று வேறு. கொழும்பின் ஐரோப்பிய வங்கிகள் உள்நாட்டு வணிகருக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கின. அவ்விடைவெளியை நிரப்பியவர்கள் கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வங்கியில் அவர்கள் பெற்ற பணம் கூடிய வட்டியோடு கடைக்காரருக்கும் கங்காணிக்கும் சிங்கள நிலவுடைமையாளருக்கும் சென்றது. செட்டியாரை இரத்தம் உறிஞ்சுபவராகச் சித்திரித்தல் அக்காலத்து அரசியல் மேடைகளில் வழக்கமாக இருந்தது. வட்டி கடுமையானதே; ஆனால் முகத்தையும் நாணயத்தையும் பார்த்து, உறுதிப்பத்திரம் இல்லாதவனுக்கும் கைமாற்றுக் கொடுத்தவர் அவர் ஒருவரே என்பதையும் மறைத்தலாகாது. 1925இல் செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததையடுத்து வங்கிகள் அவர்களுக்கு வழங்கிய கடன்வசதியைச் சுருக்கின. சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்து றப்பர் விலை வீழ்ந்தது. ஈடுவைத்த காணிகள் பல செட்டியார் கைக்கு மாறின. அவர்கள்மீதிருந்த வெறுப்பும் வளர்ந்தது.

இந்நெருக்கடியின் பின்னணியிலே சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் நியமிக்கப்பட்ட வங்கி ஆணைக்குழு 1934இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இலங்கையருக்குக் கடன் வழங்க அரசு உதவிபெறும் வங்கியொன்று வேண்டும் என அது பரிந்துரைத்தது. 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. நாட்டின் பொருளியல் வரலாற்றில் இது பெரும் நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘இலங்கையர்’ என்ற சொல்லின் எல்லைக்குள் யார் அடங்குவர் என்ற வினா ஒன்பது ஆண்டுகளின் பின் வேறுவகையில் எழுந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பற்றி எழுதுவோர் வாக்குரிமை இழப்பையே பெரிதும் பேசுவர். கடன்வரலாற்றை நோக்குபவருக்கு 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டமும் அதனளவு முதன்மையானது. குடியுரிமையற்றவர் ஒருவர் நிலம் வாங்கினால் அந்நிலத்தின் பெறுமதிக்குச் சமமான தொகையை, அஃதாவது நூற்றுக்கு நூறு வீதத்தை, வரியாகச் செலுத்தவேண்டும் என்று அது விதித்தது. தோட்டத்தில் மிச்சம்பிடித்து, அருகிலுள்ள கிராமத்திற் பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்கிக் கடை போட எண்ணியவன் இருமடங்கு விலை கொடுக்க நேர்ந்தது. காணி இல்லையேல் உறுதி இல்லை. உறுதி இல்லையேல் ஈடு இல்லை. 1961இல் மக்கள் வங்கி உருவாகி, அதன் துணையோடு கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் பல ஊர்களிலே தோன்றிய அதே காலத்தில்தான் இது நிகழ்ந்தது. கிராமத்துக்கு வங்கி வந்தது. கிராமத்தின் எல்லைக்கப்பாலிருந்த லயத்துக்கு வரவில்லை.

இவ்விடத்தில் கடலின் அக்கரையையும் ஒருகணம் நோக்குதல் தகும். 1964ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையின்படி 525,000 பேர் இந்தியாவுக்கெனக் குறிக்கப்பட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறித் தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்குத் தமிழகத்தில் வழங்கப்பட்ட மறுவாழ்வு உதவி வணிகக் கடன் ஆகும். திரும்பியோருக்கென 1969இல் சென்னையிலே ரெப்கோ வங்கியும் அமைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வாழ்ந்தவர், கடலைக் கடந்தவுடன் ஏட்டிலே வணிகராயினர்! வணிகம் பழகாத பலர் அக்கடனை உண்டு தீர்த்தனர் என்பது வியப்பன்று. இலங்கையிலே தொழில்நோக்கம் இருந்தவனுக்குக் கடன் கிட்டவில்லை. இந்தியாவிலே கடன் கிட்டியவனுக்குத் தொழில் தெரியவில்லை.

எஞ்சியோரின் கதைக்கு வருவோம். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வன்செயல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களும் காவத்தை முதலிய இடங்களின் கடைகளும் தாக்கப்பட்டன. சிறு வணிகன் ஒருவனுக்குத் தன் நாணயத்தைக் காட்டுதற்கிருந்த சான்று பற்றுக் கொப்பி ஒன்றே. கடையோடு அதுவும் எரிந்தது. வாங்கியவர்களிற் பலர் வவுனியாவுக்குச் சென்றுவிட்டனர். வங்கிக்குச் செலுத்தவேண்டிய கடன் எரியவில்லை.

இதனை இங்கு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான கடன்திட்டங்கள் இந்நாட்டிற் பரவலாகத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. 1979இல் தேசிய அபிவிருத்தி வங்கி நிறுவப்பட்டு, உலக வங்கியின் நிதியுதவியுடன் சிறு, நடுத்தரக் கைத்தொழில்களுக்குக் கடன் வழங்கப்பட்டது. 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் மாவட்டங்கள் பலவற்றில் பிராந்தியக் கிராமிய அபிவிருத்தி வங்கிகள் ஏற்பட்டன. 1997இல் அவை இணைக்கப்பட்டபோது சபரகமுவ அபிவிருத்தி வங்கி என ஒன்று உருவாயிற்று. 2010இல் அது பிரதேச அபிவிருத்தி வங்கியுள் அடங்கிற்று. ஆகவே, நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் வந்தபோது, கடன் வழங்கும் நிறுவனங்கள் ஏற்கெனவே தத்தம் கிராமத்து வாடிக்கையாளரோடு வேரூன்றியிருந்தன.

குடியுரிமை வந்தது, நிலம் வரவில்லை. 1992இல் அரசத் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக மாறிற்று. அக்குத்தகை உரிமையை ஈடுவைத்து வங்கிகளிற் கடன்பெறுதல் இக்கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிற் காணப்படும் சாதாரண நடைமுறையாகும். லயம் நிற்கும் நிலமும் அதே தோட்டத்தின் பகுதியே. அதிற் பிறந்து வளர்ந்தவனுக்கு ஈடாக உதவாத மண், குத்தகைக்காரருக்கு உதவுகின்றது.

இதனைச் சபரகமுவவிற்போலத் தெளிவாக வேறிடங்களிற் காண்பது அரிது. தேயிலைச் சிறுதோட்ட உடைமையாளர் மிகுந்துள்ள மாவட்டங்களுள் இரத்தினபுரி முன்வரிசையில் நிற்பது. அங்கே வேலியின் ஒருபுறம் கிராமத்தவரின் அரை ஏக்கர்த் தேயிலை. அவருக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ உண்டு. தேயிலைச் சிறுதோட்ட அபிவிருத்தி அதிகாரசபையின் மானியம் உண்டு. கொழுந்தை வாங்கும் தொழிற்சாலையின் முற்பணமும் உண்டு. மறுபுறத்திலிருப்பவர் அதே செடியை அவரினும் நன்கு அறிந்தவர். பல வேளைகளில் அவருடைய நிலத்திற் கூலிக்குக் கவ்வாத்து வெட்டுபவரும் அவரே. மழையும் மண்ணும் இருபுறமும் ஒன்றுதான்.

உறுதியும் பிணையாளியும் வேண்டாது திறக்கும் வங்கிக் கதவு ஒன்று இருக்கத்தான் செய்கின்றது. அது நகை அடகு. தோட்டப்புறத்திற் கடை வைத்தோர், மாடு வாங்கியோர், பிள்ளையைக் கொழும்புக்குப் படிக்க அனுப்பியோர் ஆகியோரைக் கேட்டால், முதலில் மனைவியின் சங்கிலியும் தோடுமே கணக்கில் வரும். ஏனையவை சம்பளத்திற் கழிக்கும் கடன்கள். தொண்ணூறுகளிலிருந்து தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வழங்கப்பட்டவை இவ்வகையின. பயன் விளையாமலில்லை. ஆயினும் சம்பளத்திற் கழிக்கப்படும் கடனுக்குத் தோட்ட நிருவாகத்தின் ஒப்புதல் தேவை. தோட்டவேலையை விட்டுச் சொந்தத் தொழில் செய்ய விரும்புபவருக்கு அது பயன்படாது. விலகுதற்கே கடன் வேண்டியவர், விலகாதிருந்தாற்றான் கடன் பெறலாம்!

அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனிவீடும் பெற்ற குடும்பங்கள் உள்ளன. அவற்றுட் சிலவற்றுக்கு உறுதியும் வழங்கப்பட்டுள்ளது. அவ்வுறுதியை வங்கியின் மேசைமீது வைத்து, ‘இதனை ஈடாகக் கொள்ளுங்கள்’ என ஒருவர் கேட்கும்போது கிடைக்கும் விடையைக் கொண்டே, துண்டுச் சீட்டிலிருந்து அவர் எவ்வளவு தூரம் வந்துள்ளார் என்பதை அளந்தறிதல் கூடும்.