தொலைந்தவை வீடு திரும்பிய வரலாறு



ஒரு நகரத்தின் வரலாற்றை அரண்மனைகளையும் போர்களையும் கொண்டு எழுதுவதே வழக்கம். அந்நகரில் தொலைந்த குடைக்கும் வழிதவறிய நாய்க்கும் என்ன நேர்ந்தது என்று கேட்டாலும் ஒரு வரலாறு கிடைக்கும். சிற்றூரில் வழிதவறிய மாட்டைக் கண்டவருக்கு, அது யார் வீட்டு மாடு என்பது தெரிந்திருக்கும். பெருநகரிலோ தொலைத்தவரும் கண்டெடுத்தவரும் ஒருவரையொருவர் அறியார். முகமறியாத இவ்விருவரையும் இணைப்பது எப்படி? இவ்வினாவிற்கு இலண்டன் மாநகரம் விடை கண்ட கதையை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தொலைந்தது வாணிகமான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் செல்வர் வீட்டு நாய்களைக் கவர்ந்து சென்று, பின்னர் 'மீட்டுத் தருகிறோம்' என்று பணம் பறிக்கும் கூட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் நாயைத் திருடுவது ஆடு மாடுகளைத் திருடுவதற்கு ஒப்பான குற்றமன்று. 1845ஆம் ஆண்டில்தான், நாய்த் திருட்டையும் திருட்டு நாயைத் திருப்பித் தருவதற்குப் பணம் பெறுவதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கிய தனிச்சட்டம் பிறந்தது.

சட்டம் வந்த மறு ஆண்டே அதன் வலிமை சோதிக்கப்பட்டது. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் செல்ல நாய் பிளஷ், 1846 செப்டம்பரில் மூன்றாம் முறையாகத் திருடப்பட்டது. திருடர்கள் கேட்டது ஆறு கினி, அதாவது ஆறு பவுன் ஆறு ஷில்லிங். பணம் கொடுக்கக் கூடாது என்றார் தந்தை. அவர் மணக்கவிருந்த கவிஞர் இராபர்ட் பிரவுனிங்கும், கொள்ளையருக்கு அடிபணிவது மேலும் பல கொள்ளைகளுக்கு வழிவகுக்கும் என்று மடல் எழுதினார். நெடுங்காலம் நோயாளியாக அறைக்குள் வாழ்ந்த எலிசபெத்தோ, பணிப்பெண்ணுடன் வாடகை வண்டியேறித் திருடர் தலைவனின் வீட்டிற்கே சென்றார். இறுதியில் பணம் கைமாறியது. பிளஷ் வீடு திரும்பியது.

இவர்களுள் யார் சொன்னது சரி? என்னைக் கேட்டால் இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்பேன். குறை அவர்களிடம் இல்லை. தொலைந்த நாயைத் தேடிச் செல்வதற்கு அந்நகரில் நேர்மையான ஓர் இடம் இல்லை. அவ்வெற்றிடத்தில்தான் திருடர்கள் கடை விரித்தார்கள்.

ஒரு குதிரை இலாயத்தில் தொடங்கிய இல்லம்

அந்த இடத்தை உருவாக்கியவர் மேரி டீல்பி என்னும் பெண்மணி. பட்டினியால் வாடிய தெருநாய்களைத் தம் வீட்டுச் சமையற்கட்டின் ஓரத்தில் வைத்துப் பேணியவர், 1860ஆம் ஆண்டில் இலண்டனின் ஹாலோவே பகுதியில் குதிரை இலாயம் ஒன்றில் தொலைந்த நாய்களுக்கான தற்காலிக இல்லத்தைத் தொடங்கினார். மனிதர்களே வீடின்றி அலையும் நகரில் நாய்க்கு இல்லமா என்று ஏளனம் எழுந்தது. 'தி டைம்ஸ்' நாளிதழும் எள்ளி நகையாடியது. ஆனால், 1862இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில், பரிசு பெறும் உயர்குல நாய்களின் கண்காட்சியையும் இவ்வெளிய இல்லத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்தது. இல்லத்தின் மீது மக்களுக்குப் பரிவு பிறக்க அது துணைபுரிந்தது.

மேரி டீல்பி 1865இல் மறைந்தார். 1867இல் வந்த ஒரு சட்டம், தெருவில் திரியும் நாய்களைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு அளித்தது. நாய்களின் எண்ணிக்கை பெருகியது. 1871இல் இல்லம் பேட்டர்சீ பகுதிக்கு இடம்பெயர்ந்தது. 1883 முதல் பூனைகளுக்கும் அங்கு இடம் கிடைத்தது.

இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. குறித்த காலத்திற்குள் உரியவர் வராத, விலைக்கும் போகாத நாய்கள் கொல்லப்பட்டன. வலி குறைவாக உயிர்போக வேண்டும் என்பதற்காக மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் வடிவமைத்த நச்சுவாயு அறை 1884இல் அங்கு நிறுவப்பட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதனைக் கூறும்போது இப்பகுதியை நான் மறைப்பதில்லை. வகுப்பு அமைதியாகிவிடும். ஓர் உயிரைப் பொறுத்தவரை, தேடி வருபவர் இல்லாமை எத்துணைக் கொடியது என்பது அப்பொழுதுதான் அவர்களுக்கு விளங்குகிறது.

குடைகளும் பல்வரிசைகளும்

பொருள்களுக்கு அத்தகைய இடரில்லை, அவை காத்திருக்கும். 1933இல் இலண்டன் பேக்கர் தெருவில், பேருந்துகளிலும் சுரங்க இரயில்களிலும் பயணிகள் விட்டுச்சென்ற பொருள்களுக்கான அலுவலகம் திறக்கப்பட்டது. குடைகளும் கையுறைகளும் மட்டுமல்ல, செயற்கைப் பல்வரிசைகளும் செயற்கைக் கால்களும்கூட அங்கு வந்து சேர்ந்தன. 2019இல் அது வேறிடத்திற்கு மாறும்வரை, ஒவ்வொரு பொருளும் சீட்டுக் கட்டப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, உரியவருக்காக அங்குக் காத்திருந்தது.

நமக்கும் இதில் பங்குண்டு

மேரி டீல்பி இல்லம் தொடங்கிய அதே 1860இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டது. மெக்காலே தலைமையிலான குழு 1837இல் வரைந்த அச்சட்டத்தைத் தழுவி, நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் தண்டனைச் சட்டத்திலும் 403ஆம் பிரிவு இதனைப் பேசுகிறது. உரியவரிடம் சேர்ப்பதற்காக ஒரு பொருளைக் கண்டெடுப்பது குற்றமன்று. உரியவர் யாரென்று அறிந்தும், அல்லது அறிவதற்குத் தக்க முயற்சி செய்யாமலும், அதைத் தனதாக்கிக்கொள்வதே குற்றம். ஆக, கண்டெடுத்தவருக்குத் தேடும் கடமையும் உண்டு.

நன்னெறிப் பாடத்தில் நேர்மையை நாம் தனிமனிதப் பண்பாக மட்டுமே கற்பிக்கிறோம். அது போதாது என்பது என் கருத்து. கண்டெடுத்த பென்சில் பெட்டியைக் கொடுக்க ஓரிடம் இல்லையென்றால், நேர்மையான சிறுவனும் திகைத்து நிற்பான். நாளடைவில் அதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளவும் பழகுவான். ஒரு மேசை, ஒரு குறிப்பேடு, பொறுப்பேற்க ஓர் ஆள், காத்திருக்க ஒரு கால வரையறை — இவை நான்கும் இருந்தால் அவனுடைய நேர்மைக்கு வழி பிறக்கும். இலண்டன் இதைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நம் பள்ளிகளில் இதைச் செய்ய ஒரு திங்கட்கிழமைக் காலை போதும்.

உங்கள் பள்ளியில் அத்தகைய மேசை உண்டா? இல்லையெனில், இவ்வாரமே ஒன்றை இடுங்கள்.