நாணய வெள்ளி

புழக்கத்திலிருந்த வெள்ளிக் காசுகளை உருக்கிச் செய்த கரண்டி, தட்டு, கோப்பை, நகை ஆகியவற்றின் பொதுப்பெயர். அமெரிக்கத் தட்டார்கள் டாலர் வெள்ளியின் தரத்தில், ஏறத்தாழ 90 விழுக்காட்டுத் தூய்மையில், கரண்டிகள் அடித்தார்கள். காம்பின் பின்புறத்தில் ‘காயின்’ என்ற முத்திரையையோ தட்டாரின் பெயரையோ சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவார்கள்.

இலங்கை மலைநாட்டில், தெமோதரை போன்ற ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு நெருங்கிய உறவு ரூபாய்க் காசை உருக்கிச் செய்த நகைதான். 1872 முதல் இந்திய ரூபாயே இலங்கையின் சட்டபூர்வ நாணயமாக இருந்தது. 11.66 கிராம் எடையுள்ள அந்தக் காசில் 91.7 விழுக்காடு வெள்ளி இருந்தது. அமெரிக்கக் கரண்டியைவிடச் சற்றுத் தூயது. வங்கி எட்டாத, தொழிலாளர் லயத்துக் குடும்பத்துக்குக் காலில் கிடந்த தண்டையும் கொலுசுமே சேமிப்பு. முடை வந்தால் அடகுக்கடைக்குப் போகும், பிறகு உருகிவிடும். தோட்ட மக்களின் பழைய வெள்ளி அரிதாகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். துரை பங்களாவின் மேசை வெள்ளியைவிட, தேய்ந்த ஒரு தண்டையே இம்மலைநாட்டு வரலாற்றுக்குப் பெறுமதியானது.

சேகரிப்போர் கறுப்பை முற்றாகத் தேய்த்தெடுக்கக் கூடாது. முத்திரையும் உளிவேலையும் அதோடு மழுங்கிவிடும். மென்துணியும் ஈரமில்லாத பெட்டியும் போதும்.