கிணத்துத் தண்ணியும் கணினியின்ர சூடும்

கணினிக்குள்ள தண்ணி ஓடுது எண்டதும் எங்கட வயசுக்காரருக்குக் கண்ணாடிப் பெட்டியும் நிறம் மாறுகிற விளக்குகளும்தான் ஞாபகம் வரும். காசு கூடின ஆக்களின்ர விளையாட்டு எண்டு கடந்து போயிடுவம். ஆனால் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எங்கட அப்பா அம்மாவின்ர வயசு. அதன் வரலாற்றைக் குடாநாட்டின் வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1960களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசையின் 91ஆம் மாதிரியைத் தண்ணீரால் குளிர்வித்தது. காரணம் எளிது. ஒரே கனவளவில், காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். 1980இல் வந்த 3081 கணினியில், சில்லுகள் அடுக்கிய தொகுதியின் மேலேயே தண்ணீர் ஓடும் தட்டைப் பொருத்தினார்கள். இண்டைக்குக் கடையில் 'வோட்டர் புளொக்' எண்டு வாங்குறது அதன்ர பேரப்பிள்ளைதான்.

1990 செப்டெம்பரில் அதே நிறுவனம் தண்ணீரால் குளிரும் புதிய பெருங்கணினிகளை அறிவித்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, யூனில், இங்கே போர் மீண்டும் தொடங்கியிருந்தது. குடாநாட்டில் கரண்ட் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைப் பட்டியலில் ஏறின. ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் காலத்தை நாங்கள் புகழ வரவில்லை. அது சனத்தின் மேல் சுமத்தப்பட்ட தண்டனை. ஆனால் உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் ஒரு மெசினைச் சாகவிடாமல் வைத்திருக்கிற அறிவு அப்போது வீடு வீடாக இருந்தது. அதை யாரும் பாடமாக எழுதி வைக்கவில்லை.

வெளியே, 1990களின் நடுவில் குறைந்த சூட்டில் இயங்கும் சில்லுகள் வந்ததும் பெருங்கணினிகள் காற்றுக்கே திரும்பின. பிறகு வீட்டுக் கணினிகள் சூடேறத் தொடங்கின. ஆர்வலர்கள் கார் ஹீற்றரின் ரேடியேற்றரையும் மீன்தொட்டிப் பம்மையும் கொண்டு தாங்களே குளிர்விப்பான் கட்டினார்கள். இண்டைய 'கஸ்டம் லூப்' அங்கிருந்து வந்ததுதான்.

சரி, யாழ்ப்பாணத்தில் ஒன்றைக் கட்டினால்? முதல் கேள்வி தண்ணீர். எங்களிடம் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணறு தருகிறது. 1950இல் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையைக் கொண்டுவந்ததும் அதே கல்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அந்தச் சுண்ணாம்புதான். வோட்டர் புளொக்குக்குள் இருக்கிற மயிரிழை வாய்க்கால்களில் அது படிந்தால் ஓட்டம் அடைபடும். அதனால கிணத்துத் தண்ணி வேண்டவே வேண்டாம். காய்ச்சி வடித்த நீர், அதோடு பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து. செப்புப் புளொக்கோடு அலுமினிய ரேடியேற்றரைச் சேர்க்கக்கூடாது. இரண்டும் ஒரே தண்ணீரில் நின்றால் அலுமினியம் அரிக்கும்.

இரண்டாவது எங்கட வெக்கை. ரேடியேற்றர் தண்ணீரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. அறை 32 பாகை எண்டால் தண்ணி அதுக்கு மேலதான் நிக்கும். ஆகவே பெரிய ரேடியேற்றர், நல்ல காற்றோட்டம், செதில்களில் படியும் தூசியை அடிக்கடி துடைப்பது. வீடியோ வெட்டுகிறவருக்கும் முப்பரிமாண வேலை செய்கிறவருக்கும் இந்தப் பாடு பயன்படும். மற்றவருக்கு நல்ல காற்றாடி போதும்.

பூட்டின உடனே கணினியைப் போட வேண்டாம். பம்முக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, மூட்டுகளுக்குக் கீழே ரிசு வைத்து, ஒருநாள் ஓடவிட்டு ஒழுக்குப் பாருங்கோ. ஆறு மாதத்துக்கும் ஒரு வருசத்துக்கும் இடையில் தண்ணீரை மாற்றுங்கோ. மாற்றின திகதியைப் பெட்டிக்குள்ளேயே எழுதி ஒட்டுங்கோ.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்து வந்தது. பழுதானால் புதுசு வாங்கலாம் எண்ட நம்பிக்கை அண்டைக்கு எங்களுக்கும் உடைஞ்சது. உங்கட வீட்டிலயோ ஒழுங்கையிலயோ தொண்ணூறுகளில் வோட்டர் பம்மை ஓடவைத்த ஒருவர் இருப்பார். எதை எதுக்குப் பதிலாப் போட்டனியள் எண்டு அவரைக் கேட்டு எழுதி வையுங்கோ. அந்தக் கைகளுக்கு வயது போய்க்கொண்டிருக்கு.